பின்சக்கர டிரம்மும் வீட்டுப் பட்டறையும்

அமெரிக்க நாட்டின் கிராமப்புறங்களில் முப்பது நாற்பது ஆண்டு வயதான பிக்அப் டிரக்குகள் இன்னும் வைக்கோற்கட்டும் விறகும் சுமந்து உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களிற் பலர், எஞ்ஜின் ஆயிலைத் தாமே மாற்றி, ஸ்பார்க் பிளக்கைத் தாமே கழற்றிப் பூட்டிப் பழகியவர்களாயிருந்தும், பின்சக்கரத்து டிரம் பிரேக்கின் முன்னால் வந்ததும் கை தயங்கி நின்றுவிடுகிறார்கள். முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கில் எது எதை அழுத்துகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். பின்சக்கரத்திலோ எல்லாம் ஓர் இரும்புக் குடத்துக்குள் மறைந்திருக்கின்றன. மூடியைக் கழற்றினால் சிறிதும் பெரிதுமாய் ஏழெட்டு ஸ்பிரிங்குகள், ஒரு கம்பி வடம், ஒரு பல்சக்கரம், இரண்டு பிறைவடிவத் தகடுகள், இவற்றுக்கெல்லாம் மேலே கருநிறத் தூசி. இந்தக் காட்சியே பாதிப்பேரைத் திரும்ப மூடச் செய்துவிடுகிறது. இந்த வேலையை வீட்டில் செய்யலாமா, செய்யலாமென்றால் எதுவரை செய்யலாம், எந்த இடத்தில் பட்டறைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் கேள்வியை முழுமையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகங்களை மாற்றுவது வேறு, பிரேக்கைச் சீர்படுத்துவது வேறு. தேய்ந்த ஷூவை, அதாவது டிரம்மில் உரசும் அந்தப் பிறைவடிவத் தகட்டை, கழற்றி எறிந்து புதிய ஷூவைப் பூட்டுவது அரைநாள் வேலை. அந்த ஷூ ஏன் அப்படித் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பதே உண்மையான காரியம். வீட்டில் செய்கிறவருக்கு அதற்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது என்பதுதான், அவர் இவ்வேலையைத் தம் கையில் எடுத்துக்கொள்வதற்கு நான் காணும் முக்கியமான நியாயம்.

மோட்டார் வண்டியின் ஆதிகாலத்தில் சக்கரத்தை நிறுத்தியது, ஒரு வளையத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி இறுக்கும் பட்டையே. அது சேற்றுக்கும் மழைக்கும் வெளிப்பட்டிருந்தபடியால், நனைந்த மாத்திரத்தில் பிடிமானம் இழந்தது. பிரெஞ்சுக்காரரான லூயி ரெனோ 1902ஆம் ஆண்டில் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தில் வைத்து வெளிநோக்கி விரியச் செய்யும் முறையைக் கொண்டுவந்தபோது, பிரேக் முதன்முறையாக ஒரு கூரைக்குள் குடிபுகுந்தது எனலாம். பிரேக் பெடலாகிய மிதியடியின் விசையைக் கம்பிகளாலும் கோல்களாலும் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வதில் நான்கு சக்கரங்களும் சமமாகப் பிடிப்பது அரிதாயிருந்தது. அக்குறையைத் திரவத்தின் அழுத்தத்தால் தீர்க்க முனைந்தவர் மால்கம் லாக்ஹீட். 1921இல் டூசன்பர்க் காரிலும், 1924இல் கிறைஸ்லர் காரிலும் அந்த ஹைட்ராலிக் முறை நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. ஃபோர்டு நிறுவனமோ 1938ஆம் ஆண்டு மாடல் வரையில் கோல்களையும் கம்பிகளையுமே நம்பியிருந்தது.

நம் விஷயத்துக்கு இவற்றினும் நெருங்கிய வரலாறு ஒன்று உண்டு. ஹென்றி பெரோ என்ற ஐரோப்பியப் பொறியாளரின் ஷூ அமைப்புக்கு உரிமை பெற்று, வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் 1920களில் அமெரிக்காவில் பரப்பிய பிரேக்குகளின் வழியில் வந்ததே, பின்னாளில் பெரும்பாலான அமெரிக்கப் பிக்அப் வண்டிகளின் பின்சக்கரத்தில் இடம்பெற்ற டூயோ சர்வோ அமைப்பு. 1971இல் செவர்லே டிரக்குகளின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் நிரந்தரமாக வந்த பிறகும், பின்சக்கரத்தில் இந்த அமைப்பு பல்லாண்டு அசையாமல் நின்றது. 1980 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டியின் பதினோரு அங்குல டிரம்முக்குள் இருப்பதும் இதுவே. இக்கட்டுரையில் நான் மனத்திற் கொண்டிருப்பது அந்த வண்டியையும் அதன் காலத்தவற்றையும்தான்.

இந்த அமைப்பின் தத்துவம் அழகானது. அதை விளங்கிக்கொண்டவருக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தன் காரணத்தைத் தானே சொல்லும். இரண்டு ஷூக்களும் கீழ்ப்புறத்தில் பேக் பிளேட் என்னும் அசையாத பின்தகட்டோடு பிணைக்கப்படவில்லை. ஸ்டார் வீல் அட்ஜஸ்டர் என்னும் ஒரு திருகுக் கட்டையால் ஒன்றோடொன்று மட்டுமே தொடர்புற்று மிதக்கின்றன. மேற்புறத்தில் இரண்டும் ஆங்கர் என்னும் அசையாத முளையொன்றில் சாய்ந்திருக்கின்றன. மிதியடியை மிதித்தவுடன், திரவ அழுத்தத்தால் இயங்கும் வீல் சிலிண்டர் இரு ஷூக்களையும் வெளியே தள்ளுகிறது. முன்னோக்கிச் சுழலும் டிரம், தன்னைத் தொட்ட முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்துச் செல்ல முயல்கிறது. அந்த ஷூ தனக்கென்று ஒரு பிடிப்பு இல்லாமையால், அட்ஜஸ்டரின் வழியே பின்பக்க ஷூவைத் தள்ளுகிறது. பின்பக்க ஷூ மேலே ஆங்கரில் முட்டிக்கொண்டு, சிலிண்டர் கொடுத்த விசையைவிடப் பன்மடங்கு விசையோடு டிரம்மில் அழுந்துகிறது. வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்தும் விசையைப் பெருக்கித் தருகிறது என்பதுதான் இதன் சாரம். பின்பக்க ஷூ அதிகமாக உழைப்பதால் அதன்மேல் பதித்த உராய்வுப் பட்டையாகிய லைனிங் நீளமானது. முன்பக்க ஷூவின் லைனிங் குட்டையானது. முதன்முறை செய்கிறவர்கள் இரண்டு நீள ஷூக்களை ஒரு சக்கரத்திலும் இரண்டு குட்டை ஷூக்களை மற்றதிலும் பூட்டிவிட்டு, வண்டி ஒருபக்கம் இழுப்பதேன் என்று திகைப்பது மிகச் சாதாரணமாக நேரும் தவறு. குட்டையானது முன்னே, நீளமானது பின்னே. இதை விளங்கிக்கொண்டவர் மறக்க மாட்டார்.

இதே பெருக்கம் இதன் பலவீனமும் ஆகும். லைனிங்கின் பிடிமானத்தில் உண்டாகும் சிறு மாறுதலும் பன்மடங்காகிவிடுவதால், ஒரு சக்கரத்து ஷூவில் சிறிது எண்ணெய் படிந்தாலும் அந்தச் சக்கரம் பிடிக்காமற் போகலாம். அல்லது திடீரென்று பூட்டிக்கொள்ளலாம். பாரமில்லாத பிக்அப் வண்டியின் பின்பக்கம் எடை குறைந்தது. பிரேக் பிடிக்கையில் மிச்சமிருக்கும் பாரமும் முன்சக்கரங்களுக்குப் போய்விடும். ஆகவே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வழுக்குவது இவ்வகை வண்டிகளின் பிறவிக் குணம். 1987இல் ஃபோர்டு நிறுவனம் தன் பிக்அப் வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்கரப்பூட்டைத் தடுக்கும் சாதனம் பொருத்தியதற்குக் காரணம் இதுவே.

பிரேக் என்ன வேலை செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதும் நல்லது. இரண்டாயிரம் கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, அதன் இயக்கசக்தி சுமார் 770 கிலோஜூல் உஷ்ணமாக மாற வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள இரண்டேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய உஷ்ணம் இது. நீண்ட மலைச்சரிவில் இது மீண்டும் மீண்டும் நிகழும்போது டிரம் சூடேறி விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிமானமும் குறைகிறது. மிதியடி தரையை நோக்கி இறங்குகிறது. டிரம்மின் கனம் வெறும் உறுதிக்காக மட்டும் அல்ல, இந்த உஷ்ணத்தை ஏற்று வைத்திருப்பதற்காகவும் என்பதை, தேய்ந்த டிரம்மையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு அபாயங்களைப் பற்றிச் சொல்வது என் கடமை. பின்சக்கரங்களால் ஓடும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், ஹேண்ட் பிரேக்கும் உதவாது, கியரைப் பார்க் நிலையில் வைத்திருப்பதும் உதவாது. இரண்டும் பிடிப்பது அந்தரத்தில் நிற்கும் பின்சக்கரங்களைத்தான். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கியை நம்பாமல் ஆக்ஸிலைத் தாங்கு ஸ்டாண்டுகளின்மேல் இறக்கிய பிறகே கீழே கை நீட்ட வேண்டும். மற்றது தூசி. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அது எப்போதோ ஒழிந்துவிட்டது என்று பலர் நம்பிக்கொண்டிருப்பதுதான் தவறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 1989இல் விதித்த பரந்த தடையின் பெரும்பகுதி 1991இல் நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. கிரைசோடைல் என்னும் அஸ்பெஸ்டாஸைத் தடைசெய்யும் விதி 2024 மார்ச் மாதத்திலேதான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கடைகளில் விற்ற லைனிங்கில் என்ன இருந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே எந்தப் பழைய டிரம்மையும் அஸ்பெஸ்டாஸ் உள்ளதாகவே கருதி, காற்றுக்குழாயால் ஊதாமலும், உலர்ந்த துடைப்பத்தால் தட்டாமலும், நீரோ பிரேக் கிளீனரோ கொண்டு மெல்ல நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பழைய பட்டறைகளில் டிரம்மைத் தரையில் தட்டித் தூசியைக் கொட்டிவிட்டு அந்தக் கையாலேயே உணவு உண்ட உழைப்பாளிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நமக்குத் தெரிந்திருக்கிறது.

டிரம் கழன்று வராமை முதல் தடை. துரு அதை ஆக்ஸில் விளிம்போடு பிணைத்திருக்கலாம். அல்லது தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் எழுந்த வரப்பு ஷூவில் மாட்டிக்கொண்டிருக்கலாம். முன்னதற்குத் துரு தளர்த்தும் எண்ணெயும் பொறுமையும், பின்னதற்குப் பேக் பிளேட்டில் உள்ள துளை வழியே அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் திருப்புவதும் மருந்து. விளிம்பில் சுத்தியலால் ஓங்கி அடித்து வார்ப்பிரும்பை உடைத்துக்கொள்வது மருந்தன்று.

டிரம் கழன்றதும் எதையும் தொடாமல் சற்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிஷத்தை நான் இவ்வேலையின் மிக உயர்ந்த பகுதியாகக் கருதுகிறேன். இரண்டு பக்கங்களையும் ஒரே சமயத்தில் பிரிக்கக்கூடாது என்று அநுபவசாலிகள் எல்லாரும் சொல்வது, மற்றப் பக்கம் மாதிரிக்கு உதவும் என்பதற்காக. அதோடு, இருபக்கத்தையும் ஒப்பிட்டால் வண்டி தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்பதற்காகவும் அதை நான் வற்புறுத்துவேன். ஷூ முழுதும் நனைந்து கறுத்திருந்தால், நனைத்தது எது என்று முகர்ந்து பார்க்கலாம்: தடித்து, கந்தக நாற்றம் வீசினால் அது ஆக்ஸில் சீலைக் கடந்து வந்த கியர் ஆயில், நீர்த்து, பெயிண்டைக் கரைத்துக் கொப்புளமாக்கியிருந்தால் வீல் சிலிண்டர் கசிந்திருக்கிறது. முன்னதைக் கவனியாமல் புதிய ஷூ போடுகிறவர் ஒரு மாதத்தில் அதையும் நனைத்துவிடுவார். ஒருபக்க லைனிங் மிகத் தேய்ந்து, மறுபக்கத்தது புதிதுபோல் இருந்தால், தேயாத பக்கம் நல்ல பக்கம் என்று மகிழ்வது பேதைமை. அங்கே சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி நின்றுவிட்டிருக்கலாம், அல்லது அட்ஜஸ்டர் இறுகிப் போயிருக்கலாம். பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளில் (ஒரு ஷூவுக்கு மூன்று மேடுகள்) பள்ளம் விழுந்திருந்தால், மிதிக்கும்போது ஷூ அதில் சிக்கி, விட்ட பிறகும் திரும்பாமல் சூடேற்றிக்கொண்டிருக்கும். ஆழமில்லாத பள்ளத்தை அரத்தால் சமமாக்கி, உஷ்ணம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். மெல்லிய பூச்சு என்றால் மெல்லிய பூச்சுதான். மிகுந்த கிரீஸ் லைனிங்கைத் தேடிப் போகும்.

லைனிங்கின் கனத்தைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. ரிவெட் அடித்த லைனிங் ரிவெட்டுத் தலைக்கு மேல் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு, அதாவது 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஒட்டிய லைனிங் அதைப்போல் இருமடங்காவது இருக்க வேண்டும். ஆனால் இந்த அளவு வரும்வரை காத்திருப்பது சிக்கனமன்று. ரிவெட்டு ஒருமுறை டிரம்மைக் கீறிவிட்டால் டிரம்மும் போய்விடும்.

டிரம்மைக் கடைவதா, புதிது வாங்குவதா என்பது நெடுநாள் சர்ச்சை. ஒவ்வொரு டிரம்மிலும் அதன் உச்ச விட்டம் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக அது ஆரம்ப விட்டத்தைக் காட்டிலும் அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு, சுமார் 1.5 மில்லிமீட்டர், அதிகம். அந்த எல்லை, தேய்ந்து தேய்ந்து வந்து சேரலாகும் கடைசி எல்லையே தவிர, கடைந்து கொண்டுவந்து நிறுத்த வேண்டிய எல்லையன்று. கடைந்த பிறகும் தேய்வதற்கு இடம் மிச்சமிருக்க வேண்டும். வீட்டுக்காரர் டிரம் அளக்கும் மைக்ரோமீட்டர் வைத்திருப்பது அபூர்வம், லேத்தும் இராது. இந்த ஓர் இடத்தில், டிரம்மை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவதில் யாதொரு குறைவும் இல்லை. உட்புறத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகள் இருந்தால், அங்கே இரும்பு அதிக உஷ்ணத்தால் கடினமாகிவிட்டது என்று பொருள். கடைந்தாலும் அவ்விடங்கள் மேடாக நின்று மிதியடியை அதிரச் செய்யும். அத்தகைய டிரம்மைக் கழித்துவிடுவதே சரி. எஃப்-150 போன்ற வண்டிக்குப் புதிய டிரம் எளிதாகக் கிடைப்பதால், சந்தேகமுள்ள டிரம்மை விட்டுவிட நான் தயங்கமாட்டேன். 1950களின் டிரக்கை வைத்திருப்பவருக்கு அந்தச் சௌகரியம் இராது, அவர் நல்ல கடைசற்காரரைத் தேடித்தான் ஆகவேண்டும். புதிய டிரம்மின் உட்புறத்தில் துரு வராமல் பூசிய எண்ணெயைப் பூட்டுமுன் கழுவ மறந்தால், புதிய ஷூ முதல் நாளிலேயே கெட்டுவிடும்.

வீல் சிலிண்டரைப் பற்றியும் இரு கட்சி உண்டு. ரப்பர் கப்புகளை மட்டும் மாற்றி, உட்சுவரை ஹோன் என்னும் தேய்கருவி கொண்டு மெருகிட்டால் போதும் என்பது பழைய பள்ளி. முழுதாக மாற்றிவிடு என்பது புதிய பள்ளி. சிலிண்டர் வார்ப்பிரும்பாலானது, ஈரத்தால் அதன் அடிப்புறத்தில் குழிகள் விழுகின்றன, ஹோனால் நீங்காத குழி ஒன்று இருந்தாலும் புதிய கப் அதன்மேல் உரசித் தேய்ந்து, மறுபடி கசியும். குழியற்றதைப் புதுப்பிக்கலாம், குழியுள்ளதை மாற்ற வேண்டும் என்பதே என் முடிவு. மாற்றும்போது வரும் பெரிய இடையூறு சிலிண்டரன்று, அதனோடு இணைந்த எஃகுக் குழாயின் நட்டு. சாதாரண ஸ்பானர் அதன் முனைகளை வட்டமாக்கிவிடும். குழாய் நட்டுக்கென்று உள்ள ஸ்பானரே வேண்டும். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, புதிய குழாய்க்குத் தயாராவது விவேகம்.

பூட்டும் முறையை அடியடியாக விவரிக்கப் போவதில்லை. அந்தந்த வண்டியின் சர்வீஸ் மான்யுவல் அதற்கு உண்டு. அட்ஜஸ்டரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய டிரக்குகளில் மிதியடி தாழ்ந்துபோவதற்கு முக்கிய காரணம் அதுவே. வண்டியைப் பின்னோக்கி ஓட்டி பிரேக் பிடிக்கும்போது, பின்பக்க ஷூ ஆங்கரைவிட்டுச் சற்று விலகுகிறது. அந்த அசைவு ஒரு வடத்தை இழுத்து, ஒரு நெம்புகோலை அசைத்து, இடைவெளி மிகுந்திருந்தால் ஸ்டார் வீலை ஒரு பல் திருப்புகிறது. திருகுமரை துருவால் இறுகியிருந்தால் நெம்புகோல் வீணே பல்லைச் சுரண்டிக்கொண்டிருக்கும். மரையைச் சுத்தம் செய்து, கிரீஸிட்டு, விரலால் சுலபமாகச் சுழலும்படி செய்ய வேண்டும். இடப்பக்க அட்ஜஸ்டரும் வலப்பக்க அட்ஜஸ்டரும் எதிரெதிர் மரை கொண்டவை. மாற்றிப் பூட்டினால், வண்டி பின்னே போகும்போதெல்லாம் ஷூ டிரம்மை நெருங்குவதற்குப் பதிலாக விலகிக்கொண்டே போகும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தாமல் அட்ஜஸ்டரைத் திருப்புவதும் தவறு. கேபிள் இழுத்துப் பிடித்திருக்கும் ஷூ ஆங்கரில் வந்து அமராது, அளவும் பொய்யாகிவிடும்.

இனி, குழாய்களில் நிரப்பும் திரவம். அதை நம் நாட்டுப் பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று வழங்குகிறோம். அமெரிக்காவில் வாழும் தமிழரும் வாய்ப்பழக்கத்தால் அப்படியே சொல்கிறார்கள். அது எண்ணெயே அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். பெயரை நம்பி எஞ்ஜின் ஆயிலையோ கியர் ஆயிலையோ ஒரு கரண்டி ஊற்றினாலும், ரப்பர் உறுப்புகள் எல்லாம் உப்பி, மிதியடியின் விசையைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம் வரை மாற்ற வேண்டிவரும். காற்றிலுள்ள ஈரத்தை இத்திரவம் உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்தின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 பாகை என்று விதித்திருக்கிறார்கள். ஆகவே திறந்து வெகுநாளான டப்பாவை எவ்வளவு மிச்சமிருந்தாலும் உபயோகிக்கலாகாது.

குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றுவதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் மிதிக்க, ஒருவர் பிளீடர் திருகைத் திறந்து மூட. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் வலப்பக்கத்தில் தொடங்கி, பின் இடப்பக்கத்துக்கு வருவது இவ்வண்டிகளில் வழக்கம். பழைய மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் மிதியடியைத் தரைவரை அழுத்தலாகாது. நாள்தோறும் உரசாத அந்த அடிப்பகுதியில் துருவும் படிவும் இருக்கும், அதன்மேல் ரப்பர் ஏறினால் கிழிந்துவிடும். மிதியடியின் கீழ் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் ஓட்டத்தைக் குறுக்கிவிடுவது சுலபமான பாதுகாப்பு. பின்சக்கரத்தைச் சீர்படுத்திய மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் பழுதானது என்று வருந்துகிறவர்களிற் பலருக்கு இது நேர்ந்திருக்கிறது.

இத்தனை சங்கடத்துக்குப் பதில் பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அதற்கென்று ஆயத்தப் பெட்டிகளும் விற்கின்றன. ஆனால் முன்பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும், மாஸ்டர் சிலிண்டரும், ஹேண்ட் பிரேக்கும் டிரம்மை உத்தேசித்தே அமைக்கப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும். சுமை வண்டியின் ஹேண்ட் பிரேக்குக்கு டூயோ சர்வோ டிரம்மைப்போல் உறுதியாகப் பிடிப்பது எளிதில் அகப்படாது. சரியாகச் சீர்படுத்திய டிரம், தன் வேலைக்குப் போதாது என்று நான் கருதவில்லை.

எல்லாம் பூட்டியபின், மிதியடி உயரமாகவும் கல்போலவும் நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்து, பிறகு ஆளற்ற வெளியில் மெல்ல ஓட்டி, பின்னோக்கிப் பலமுறை சென்று ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடித்து, அட்ஜஸ்டர் தன் கடைசி இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்ள விடவேண்டும். பிறகு நடுத்தர வேகத்திலிருந்து, இடையிடையே ஆறவிட்டு, இருபது முப்பது தடவை மிதமாக நிறுத்தினால் லைனிங் டிரம்மின் வடிவத்துக்குப் பழகும். இரவு கழிந்து, விடிந்ததும் வண்டியை எடுக்குமுன், குனிந்து இரு பின்சக்கரங்களின் உட்புறத்தையும் பேக் பிளேட்டின் கீழ் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரல் உலர்ந்து வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். சில நாள் ஓட்டத்துக்குப்பின் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது மட்டும் பாக்கி.